படத்தில் ஏழு பேர், விளக்கு பதினொன்று

உங்களில் யாருக்காவது பொன்னாடை போர்த்தியிருக்கிறார்களா? எனக்கு இல்லை. ஆனால் மூன்று கிழமைக்கு முன், ஒரு ஞாயிறு பின்னேரம், தொண்ணூற்றிரண்டு வயதுச் சுவிஸ் அம்மா ஒருவருக்கு எங்கள் ஆட்கள் போர்த்தினார்கள். அவர் அதை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்தார். மடித்தார். கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு நான்தான் காரணம். அதைத்தான் இந்தக் கிழமை எழுத வேண்டும் என்று இருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

கிழமைதோறும் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — பஸ்ஸில் நடந்தது, கடையில் நடந்தது, மகளின் பள்ளிக்கூடத்தில் நடந்தது என்று எல்லாம் எழுதுவேன். வேலையிடத்தில் நடந்ததை மட்டும் எழுத மாட்டேன். 'வேலைக்குப் போகும் வழியில்' என்பதோடு நிறுத்திவிடுவேன். கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு கெட்டித்தனமாக மறைத்திருக்கிறேன்.

வேலை, இங்கே சுவிஸில் ஓல்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே என்ன செய்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு அந்த அம்மாவின், ஃபிராவ் வீட்மரின், அறைக்கு வாருங்கள். 'ஃபிராவ்' என்றால் இங்கே 'திருமதி'.

சின்ன அறை. சுவரில் ஒரு பழைய குடும்பப் படம். மீசை தாடியோடு ஒரு மனிதர், சிரிக்காத மனைவி, வெள்ளை உடுப்பில் நாலு பெண் பிள்ளைகள், மாலுமிச் சட்டை போட்ட ஒரு பையன். ஏழு பேர். ஒவ்வொரு வருடமும் ஜூலை நடுப்பகுதியில் ஒரு நாள், அந்தப் படத்துக்கு முன்னால் ஃபிராவ் வீட்மர் விளக்கு வைப்பார். நெருப்புக் கொளுத்த எங்கள் இல்லத்தில் அனுமதி இல்லை என்பதால் பட்டரியில் எரியும் சின்ன விளக்குகள். பதினொன்று. ஒவ்வொன்றாக நான்தான் தட்டி எரியவைத்துக் கொடுப்பேன்.

படத்தை ஒருநாள் போனில் எடுத்து மகளிடம் காட்டினேன். அவள் பார்த்த உடனேயே சொல்லிவிட்டாள்.

"அம்மா, இது ரஷ்யாவின்ரை கடைசி ராசா குடும்பம். புரட்சி நேரம் ஒரு வீட்டு நிலவறையிலை வைச்சு எல்லாரையும் சுட்டுப்போட்டினம். பிள்ளையளையும்தான்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சுவரில் படம், படத்துக்கு முன்னால் விளக்கு — சாமி இல்லையென்றால் அது செத்துப்போன சொந்தம். வேறு யாருக்கு விளக்கு வைப்போம்? அப்போ ஃபிராவ் வீட்மர் ராசா குடும்பத்துச் சொந்தம். முடிந்தது கணக்கு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேனோ என்னவோ...

ஆவணியில் ஒரு சாமத்திய வீடு, தெரிந்த பிள்ளையின் பூப்பு விழா. எனக்குக் கூட்டம் ஒத்துவராது. சுவரோர மேசை ஒன்றில் ஒரு கதிரை பிடித்து இருந்தேன். எங்கள் மாதர் வட்டத் தலைவி வதனி அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். ஒருத்தியின் மகள் வங்கியில், இன்னொருத்தி மருந்துக்கடையில் என்று கதை போய்க்கொண்டிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் எங்கை வேலை?"

வழக்கமாக, "ஓல்டனிலைதான் அக்கா" என்று சொல்லிவிட்டு, றோல்ஸ் எடுக்கப் போவதுபோல எழும்பிவிடுவேன். அன்றைக்கு வாயில் எது புகுந்ததோ!

"நான் ஒரு ரஷ்ய இளவரசியைப் பாக்கிறன் அக்கா."

"உண்மையாவோ? அந்தச் சுட்டுப்போட்ட ராசாவின்ரை ஆக்களோ?"

"ஓம்... பேத்தி முறை."

பேத்தி முறையை எங்கிருந்து எடுத்தேன்? இன்றுவரை தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேசையில் எட்டுப் பேரும் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த இருபது வருடத்தில் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. அக்கா இல்லத்தின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது.

இல்லத்துக் கோப்பிக்கடையில் ஃபிராவ் வீட்மர் தன் சீட்டாட்டக் கூட்டாளிகளோடு அப்பிள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. பட்டுச் சேலையில் வதனி அக்கா. பின்னால் போனை உயர்த்திப் பிடித்தபடி அவருடைய கணவர். நேரே வந்தார்கள். "ஃபிராவ் பிரின்ஸெஸின்!" என்று அக்கா குனிந்து கும்பிட்டார். பொன்னாடையை விரித்துப் போர்த்தினார்.

அங்கே ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருவர் இருக்கிறார். பெரிய குரல்.

"என்னது, இளவரசியோ? அப்ப போன கிழமை சீட்டிலை களவு விட்டது ஆர்? அரண்மனையிலை அப்பிடித்தான் பழக்கினவையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"பிள்ளை, நாங்கள் ஏன் வந்தனாங்கள் எண்டு இவவுக்குச் சொல்லும்!" அக்கா என்னைக் கூப்பிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோப்பி மெஷினைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். "அவவுக்குக் களைப்பு அக்கா" என்று முணுமுணுத்தேன். பொன்னாடை மடிந்ததும், அந்தப் பார்வை வந்ததும் அப்போதுதான்.

அன்றிரவு அவருடைய அறைக்குப் போனேன். அவர் சொன்னதெல்லாம் சுவிஸ் ஜெர்மனில். என் காதில் விழுந்தது இப்படி.

"நான் உங்களுக்கு எப்பவாவது இளவரசி எண்டு சொன்னனானோ?"

"இல்லை."

"அந்தக் குடும்பம் செத்த பிறகு, 'தப்பின மகள் நான்தான்' எண்டு எத்தினை பொம்பிளையள் வெளிக்கிட்டவை தெரியுமோ? பேப்பரிலை அவையின்ரை படம் வந்தால் என்ரை அம்மாவின்ரை பெரியம்மா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்பிலை போடுவா. இண்டைக்கு நீங்கள் என்னையும் அவையோடை சேர்த்துப்போட்டியள். இஞ்சை எல்லாரும் இனி என்ன நினைப்பினம்? கிழவி வயசுபோன நேரத்திலை பொய் சொல்லித் திரியுது எண்டு."

அந்தப் பெரியம்மா இளம் வயதில் ரஷ்யாவுக்குப் போனவர். அரண்மனையில் தையற்காரி. இளவரசிகள் என்றாலும் அந்த நாலு பெண்களும் மெல்லிய மடக்குக் கட்டிலில்தான் படுப்பார்களாம். மூத்தவளின் உடுப்பு அடுத்தவளுக்கு, பிறகு அதற்கும் அடுத்தவளுக்கு. ஒவ்வொரு தடவையும் பெரியம்மாதான் கரையைப் பிரித்து ஏற்றித் தைப்பார். கடைசிப் பெண்ணிடம் வரும்போது மடிப்புக்குள் மூன்று பழைய தையல் கோடு இருக்குமாம்.

"அவ தையற்காரி" என்றார் ஃபிராவ் வீட்மர். "போதாதோ உங்களுக்கு?"

 

"நாளைக்குச் சாப்பாட்டு அறையிலை எல்லாருக்கும் நீங்களே சொல்லுங்கோ" என்றார். அடுத்த நாள் காலையில் அவரை உடுத்திவிட வேறு ஆளைக் கேட்டிருந்தார்.

அன்று மத்தியானம் சொல்லவில்லை. பயம். அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் சூப் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னேன். "ஃபிராவ் வீட்மர் தன்னை இளவரசி எண்டு சொல்லேல்லை. பொய் சொன்னது நான்."

காது மந்தமான ஒருவர், "என்னவாம்?" என்று கேட்டார்.

ஒரு வெட்கத்தை இரண்டு தடவை படவேண்டி வந்தது — இரண்டாவது தடவை சத்தமாக. யாரும் சிரிக்கவில்லை. ஃபிராவ் வீட்மர் தலை நிமிராமல் சூப் குடித்தார். ரயில் சாரதி மட்டும், "அப்ப அரண்மனைப் பழக்கம் இல்லை, சீட்டிலை களவு விட்டது அவதான்" என்றார்.

மேலும் நாலு நாள் கழித்துத்தான் திரும்ப என்னை அறைக்குள் விட்டார். சட்டைப் பொத்தான் பூட்டும்போது, வருடக்கணக்காகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"படத்திலை ஏழு பேர். விளக்கு ஏன் பதினொண்டு?"

என் கையை நிறுத்திவிட்டு அவர் சொன்னார். "அந்த நிலவறையிலை இன்னும் நாலு பேர் இருந்தவை. வைத்தியர், சமையல்காரர், வேலைக்காரப் பொம்பிளை, உதவியாள். ஓடியிருக்கலாம். கூடவே நிண்டவை. இந்தப் படத்திலை அவையள் இல்லை. அதுக்காக விளக்கும் இல்லாமல் விடுறதோ?"

எத்தனை ஜூலை! அந்தப் பதினொன்றையும் தட்டி எரியவைத்தது என் விரல்தான். அதில் நாலு, என்னைப் போன்ற ஆட்களுக்கு. நான் பார்த்ததெல்லாம் ராசாவை மட்டும்.

போன கிழமை வதனி அக்கா போன் எடுத்தார்.

"என்ன பிள்ளை, இளவரசிக்குப் பொன்னாடை பிடிக்கேல்லையோ?"

"அவ இளவரசி இல்லை அக்கா. நான்தான் பொய் சொன்னனான்."

பிறகு, "அப்ப நீர் அங்கை என்னதான் செய்யிறனீர்?"

"வயசுபோன ஆக்களைக் கழுவித் துடைச்சு, பம்பர்ஸ் மாத்தி, காலுறை போட்டு, சீப்பாலை தலை இழுத்து விடுறன் அக்கா. பதினெட்டு வருசமா."

அக்கா "ஓ..." என்றார். அவ்வளவுதான். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கோப்பிக்கடை மேசையிலேயே கிடந்த பொன்னாடையை எடுத்து, அக்காவுக்குத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். கரை கொஞ்சம் பிரிந்திருந்தது — தைத்துத்தான் அனுப்பினேன்.