தென்னையடியில் புதைத்த பறவைகள்

எங்கள் வளவுக்குப் பின்னால் காற்றாலை நட்ட பிறகு முதலில் விழுந்தது ஒரு பூநாரை. விடிய முற்றம் கூட்டப் போனேன், கிணற்றடியில் கிடந்தது. ஒரு செட்டை தோளோடு முறிந்து தொங்கியது. நாய்கள் மோப்பம் பிடிப்பதற்குள் என் கணவர் மண்வெட்டியோடு வந்து, ஓர் இளந்தென்னையின் அடியில் புதைத்துவிட்டார். வளவுக்குள் எது செத்தாலும், நாயோ பூனையோ, நாங்கள் தென்னைக்குத்தான் கொடுப்போம். தெருவில் எறிகிறவர்களை நான் மனிதராகவே மதிப்பதில்லை.

அதற்குப் பிறகு ஆலா, கடற்காகம், பெயர் தெரியாத குருவிகள். பறவைகள் வந்திறங்கும் காலத்தில் எங்களுக்குக் காலை வேலையே அதுவாகிவிட்டது. அவர் புதைப்பார். நான் மண்ணை மிதித்து இறுக்கி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போவேன்.

செவ்வாய்க்கிழமைகளில் முருங்கனிலிருந்து ஒரு பெண் வருவாள். காற்றாலைக்குக் கீழே செத்த பறவைகளைத் தேடி எழுதுவது அவள் வேலை. சுற்றி நடந்து, எங்கள் வளவையும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதுவாள்.

"உங்கட வளவு நல்ல துப்புரவு அன்ரி" என்பாள்.

எனக்குப் பெருமை பிடிபடாது. மடைச்சி நான். அவள் எதைத் தேடுகிறாள் என்று தெரிந்தும், புதைத்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. முற்றம் கூட்டியதை யாராவது வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

மாரி முடிந்ததும் பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கரையோரமாக இன்னொரு வரிசை காற்றாலை வரப்போகிறதாம். அந்தக் கரையில்தான் நாங்கள் கரைவலை இழுக்கிறோம். வலை வளைக்க எங்களுக்கு வேறு இடம் கிடையாது. பறவைகள் சாகின்றன என்று காட்டினால் மட்டும் மறுபடி யோசிப்பார்களாம். மேசையில் இருந்த அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். எங்கள் பக்கத்தில் இதுவரை ஒரு பறவையும் சாகவில்லை என்று அதில் இருந்தது.

என் கணவர் எழும்பினார். "நாங்களெல்லோ புதைச்சனாங்கள்."

"படம் எடுத்தனீங்களோ?" என்று அதிகாரி கேட்டார்.

"செத்ததைப் படம் எடுத்து என்ன செய்யிறது?"

மண்டபம் சிரித்தது. எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. அன்று பின்னேரமே அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து தென்னைகளின் அடியைக் கிண்டிக் காட்டினோம். எலும்பும் இறகும் வேர்களுக்குள் சிக்கிக் கிடந்தன. அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எப்ப செத்தது, எதால செத்தது எண்டு இதை வைச்சு எழுதேலாது அன்ரி. கடைசி அறிக்கை இன்னும் போகேல்லை. ஒண்டாவது விழுந்த இடத்திலயே கிடந்தா எழுதலாம்."

"இனி விழுந்தா ஒருத்தரையும் தொட விடன்" என்றேன்.

ஒரு மாதம் கழித்து, விடிந்த கையோடு வேலியடியில் ஒரு பூநாரை விழுந்தது. உயிர் இருந்தது. கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அவர் அதை நிழலுக்குக் கொண்டுபோகக் குனிந்தார்.

"தொட்டீங்களெண்டா நடக்கிறது வேற" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். நான் தடியோடு இருந்து நாய்களைத் துரத்தினேன். அன்று செவ்வாய்க்கிழமை, அவள் வருவாள்தானே. வெயில் ஏறியது. அவளைக் காணவில்லை. கடைசியில் போன் எடுத்தேன்.

"கணக்கெடுப்பு போன கிழமையோட முடிஞ்சுது அன்ரி. கடைசி அறிக்கையும் குடுத்தாச்சு. இனி நாங்கள் வரமாட்டம்."

"அப்ப இதை ஆர் எழுதுறது பிள்ளை?"

போனைக் காதில் வைத்தபடியே வேலியடியைப் பார்த்தேன். பூநாரை வாயைத் திறந்து திறந்து மூடியது. அது விழுந்த இடத்திலேயே சாகட்டும் என்று, ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட வைக்காமல், விடிந்ததிலிருந்து நான்தான் பக்கத்தில் காவல் இருந்திருக்கிறேன்.