கடைசிச் சக்கரத்தில் எடுத்த கால்

போன வருடம் தை மாதம், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் நான் செய்த தப்பு இது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் மாமனார் வாங்கிய பழைய அம்பாசடர் ஒன்று உண்டு. அதை விற்றுவிடலாமே என்று யாராவது சொன்னால் என் கணவர் இரண்டு நாள் அவர்களோடு பேசமாட்டார். தை பிறந்ததும் அதன் பிரேக் போய்விட்டது. மிதிக்கிற மிதியை நான்கு சக்கரத்துக்கும் ஆயில் வழியாக அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர் கசிந்துவிட்டதாம். அந்த வண்டி தெரிந்த மெக்கானிக் பத்து நாள் ஆகும் என்றார். எங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலையில் கல்யாணம். எங்கள் தானிய மண்டிக்குச் சாமை போடுகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு. போகாமல் இருக்க முடியாது. கணவர் உளுந்தூர்பேட்டையில் கடை கடையாக அலைந்து புது சிலிண்டர் வாங்கி வந்தார். அப்புறம் இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே குடித்தனம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு "மிதி" என்பார். மிதிப்பேன். "பிடி" என்பார். காலை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பேன். அவர் திருகைத் தளர்த்துவார், ஆயிலோடு குமிழ் வரும், இறுக்குவார். "வுடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.

மூன்று சக்கரம் முடிந்தது. "பரவால்லியே, மெக்கானிக்கு தோத்தான் உங்கிட்ட" என்றார். பதினோரு வருடத்தில் என் குழம்பைக்கூட அவர் இப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிச் சக்கரம். "பிடி" என்று சொல்லித் திருகைத் தளர்த்தியிருந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை. என்னை அறியாமல் கால் எழுந்துவிட்டது. சட்டென்று மறுபடி அழுத்திக்கொண்டேன்.

"இன்னா, மிதிச்சிக்கினுதான இருக்கே?"

"மிதிச்சிக்கினுதாங்க இருக்கேன்."

அவர் இறுக்கிவிட்டு எழுந்து வந்து மிதித்துப் பார்த்தார். முதல் மிதி ஆழமாகப் போனது, இரண்டாவது மிதியில் நின்றது. சிலிண்டர் கசிந்த நாளிலிருந்து இரண்டு மிதி மிதித்தே பழகியவர், திருப்தியாகத் தலையாட்டினார். சொன்னால் கத்துவார், அவர் கத்தினால் தெருவே எட்டிப் பார்க்கும். அது மட்டுமில்லை, அந்த ஒரு பாராட்டை இழக்கவும் மனசு வரவில்லை. துளிக் காற்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்போது பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. ஆனால் இறங்க வேண்டுமே என்ற நினைப்பில் கல்யாணச் சாப்பாட்டில் பாதியோடு இலையை மூடிவிட்டேன்.

திரும்பும்போது பின் சீட்டில் அவர் அக்கா, அதாவது எனக்கு அண்ணி; அண்ணியின் மடியில் அவருடைய நாலு வயதுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் வளைவுகளில் கணவர் இரண்டு மிதி மிதித்தார். அப்புறம் மூன்று. அப்புறம் நான்கு. நான் ரோட்டையே பார்க்கவில்லை, அவர் காலைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிரேக் சூடேறிக் கருகும் வாடை வந்தது. "காத்து எவ்ளோ ஜில்லுனு இருக்கு பாரு" என்றார் அண்ணி. அதற்குமேல் தாங்காமல் வாயைத் திறந்தேன்.

"என்னங்க, கடைசி சக்கரத்துல நான் காலை எடுத்துட்டேன். பொய் சொல்லிட்டேன். பிரேக்கை நம்பாதீங்க."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே ஒரு மிதி மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. உடனே கியரைக் குறைத்தார், இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே மலையோர மண்ணில் வண்டியை உரசவிட்டார். அடுத்த வளைவுக்கு இருபதடி முன்னால் நின்றது.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த வளைவிலிருந்து ஒரு ஜீப் நடு ரோட்டில் ஏறி வந்தது. உள்ளே இடமில்லாமல் பின்னால் நாலைந்து பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "ஏன்டா நிறுத்திட்டே?" என்று கேட்டார் அண்ணி. அவர் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

சூடு ஆறும்வரை காத்திருந்து, டிக்கியில் இருந்த ஆயில் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் சக்கரத்தோரம் படுத்தார். "பிடி" என்றார். இந்தத் தடவை காலை எடுக்கவில்லை. குமிழ் குமிழாக வந்ததாம். பெடல் முதல் மிதியிலேயே கல் மாதிரி நின்ற பிறகும் முதல் கியரிலேயே ஊர்ந்துதான் இறங்கினோம்.

அடிவாரம் வந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா கத்தியிருப்பேன். அதுக்காடி பயந்தே?"

ஆமாம், அதற்குத்தான் பயந்தேன். மலையைவிட, அந்தக் குழந்தையின் உயிரைவிட, ஒரு அதட்டல் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அன்று எனக்கே நான் ராட்சசியாகத் தெரிந்தேன்.

இப்போதெல்லாம் என் கையால் எது தவறினாலும் அந்த நிமிடமே அவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். அவர் திருந்திவிட்டார், கத்துவதில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் கத்துகிறார். கத்தட்டும், கேட்பதற்கு நான் இருக்கிறேனே.