இறக்கத்தில் பிடித்த பிரேக்

பர்மாவின் யாங்கோனில் நாங்கள் ஓட்டும் பழைய ஜப்பான் சைக்கிள்களில் இடது கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. உலகமே அப்படித்தான் என்று ஐம்பது வயது வரை நம்பியிருந்தேன்.

போன வருடம், ஸ்பெயினில் வேலை பார்க்கும் மைத்துனன் சூசையைப் பார்க்கப் போனேன். ஆலிவ் தோட்டங்களுக்கு நடுவே மலைச்சாலையில் சுற்ற இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் பிரேக்கைக் காட்டி ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். நாலு புத்தகம் படித்தவன் அல்லவா, புரிந்ததாகத் தலையாட்டினேன்.

இறக்கத்தில் சூசை பின்னாலிருந்து கத்தினான்: "அத்தான், இது நம்ம யாங்கோன் அலோன் ரோடு இல்ல! மெதுவாப் போங்க!"

"கிழவன்னு நினைச்சியாடா?" என்றபடி, பின்சக்கரம்தானே என்ற தைரியத்தில் இடது கையை இறுக்கினேன். அங்கே அது முன்சக்கரத்துக்கு. சக்கரம் நின்றது, நான் பறந்தேன்.

எனக்கு முழங்கையில் தோல்தான் போனது. என்மேல் ஏறாமலிருக்கச் சைக்கிளைத் திருப்பிய சூசை, சரிவில் உருண்டு ஆலிவ் மரத்தில் மோதினான். இடுப்பெலும்பு உடைந்தது. இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்.

இப்போது எந்தச் சைக்கிளில் ஏறுவதற்கு முன்பும், அதைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்து, எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பார்க்கிறேன். யாங்கோனில் எங்கள் லத்தா கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. சூசை அவளுடைய ஒரே தம்பி.