மரகதத்தைப் பரிசலில் ஏற்றியவர்

சின்னமனூர் வெற்றிலை வண்டிக்காரர் என் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "வாத்தியாரம்மா காய்ச்சல்ல போய்ட்டாக. அடக்கமும் பண்ணியாச்சாம்." அடுத்த மாத அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அன்று முழுக்க உத்தமபாளையம் தெருக்களில் காரணமில்லாமல் நடந்தேன்.

கம்பத்துக்கு அருகே கிறிஸ்தவ வேதக்காரர் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அமலோற்பவம் அம்மாளை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? மதுரை மாதப் பத்திரிகையில் வரும் என் தொடர்கதையை, ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு வாசித்துக்காட்டுவார், அதையும் நடந்துகொண்டேதான். மலையையும் நிலவையும் நான் வர்ணித்த இடங்கள் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவாராம்.

கதையில் மரகதம் என்பவள், புருஷன் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு வெளியேறி ஆற்றங்கரைக்கு வந்திருந்தாள். வெள்ளத்தை வர்ணிக்கும் ஆசையில் இரண்டு மாதம் அவளை அங்கேயே நிறுத்திவைத்தேன். அம்மாள் வண்டி கட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அவள எப்பய்யா கரையேத்தப் போறீக?"

"கதைக்கென்று ஒரு நடை இருக்கிறது அம்மா. அவசரப்படுத்தக் கூடாது."

"உங்களுக்கு அது நடை. எங்க ஊர்ல மரியாயின்னு ஒரு பிள்ள, இதே மாதிரி அடிபட்டு ஆத்தா வீட்ல வந்து கெடக்கா. கொண்டுபோய் விட்றணும்னு பெரியவுக நிக்கிறாக. மரகதம் என்ன செய்றான்னு பாத்துட்டுச் சொல்றேங்கிறா அவ."

என் கதையில் மரகதம் மனம் மாறித் திரும்பிப் போவதாக இருந்தது. அந்த அத்தியாயம் அப்போதே மதுரைக்குப் போய்விட்டது. அதைச் சொன்னதும், நான் கொடுத்த மோரைத் தொடாமல் அவர் வண்டி ஏறிவிட்டார்.

பத்திரிகை வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெளியே நின்றபோதே குரல் கேட்டது. அம்மாள் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்துக்கொண்டிருந்தார்! மரகதம் பரிசலில் ஏறுகிறாள். அக்கரையில் நாற்று நடும் வேலை கிடைக்கிறது. தேடிவந்த புருஷனிடம், "பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் வந்து பார், நான் வரமாட்டேன்" என்கிறாள்.

ஆத்திரத்தோடு உள்ளே போய், "இது நான் எழுதியதல்ல. மரகதம் திரும்பிப் போகிறாள்" என்றேன்.

"அச்சுல தப்பா விழுந்திருக்கும்யா. அவ போகமாட்டா" என்றாள் ஒருத்தி.

"அந்தப் பரிசக்காரன் பேரையாச்சும் சொல்லிட்டுப் போங்க" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

சுவரோரம் இருந்த மரியாயி மட்டும் சிரிக்கவில்லை. "போனா செத்துப்போவாய்யா" என்றாள்.

அம்மாள் என்னை வெளியே கூட்டிவந்தார். "பொய்யா வாசிச்சதுக்குச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். ஆனா அடுத்த வாட்டியும் இப்படித்தான் வாசிப்பேன்" என்றார்.

மரியாயி திரும்பிப் போகவில்லை. பெரியவர்கள் சில காலம் முறைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நானும் அடுத்த அத்தியாயத்தில் மரகதத்தை மறுபடி வீட்டிலிருந்து கிளப்பி, ஒரே பக்கத்தில் ஆற்றைக் கடக்கவைத்தேன். கதை இப்படித் தலைதெறிக்க ஓடுகிறதே என்று பத்திரிகைக்காரர் குறைபட்டார்.

அம்மாளின் கல்லறைக்குப் போய்வந்த ஞாயிறன்று பெண்கள் வழக்கம்போலக் கூடியிருந்தார்கள். வாசிக்க ஆளில்லை. அச்சுக்குப் போகாத புது அத்தியாயத்தை நான் வாசித்தேன். பாதியில், "நிறுத்துங்கய்யா, மாமியாள இம்புட்டு நல்லவளா ஆக்காதீக" என்றாள் மரியாயி. "ஏன், நல்ல மாமியா இருக்கமாட்டாளா?" என்று மற்றவர்கள் அவள்மேல் பாய்ந்தார்கள். வெயில் ஏறியும் வழக்குத் தீரவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

இப்போது எதையும் முதலில் அவர்களிடம் வாசித்துவிட்டுத்தான் மதுரைக்கு அனுப்புகிறேன். அமலோற்பவம் அம்மாள் எனக்கு விட்டுப்போனது அவர்களைத்தான். எழுதி முடித்துவிட்டேன் என்று நான் நினைக்கிற எதையும் அவர்கள் முடியவிடுவதில்லை.