வெள்ளிக்கிழமைக் குழம்பு

என் நாத்தனாரை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

என் கணவரின் அக்கா அவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் காரைக்கால் வீட்டிலேயே இருந்தாள். எழுபதுகளின் நடுவில் நான் கோட்டுச்சேரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது அடுப்படி மொத்தமும் அவள் கையில் இருந்தது. தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் கஞ்சி, துவையல், கீரை. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்றால் இறைச்சிதான் கூடாது, மீனுக்குத் தடையில்லை என்பது ஞானோபதேசம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளோ மீனையும் கருவாட்டையும் சேர்த்தே தள்ளிவைத்தாள். பாப்பரசரே வந்து எடுத்துச் சொல்லியிருந்தாலும் அவருக்கும் கஞ்சிதான் ஊற்றியிருப்பாள்.

முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். எதைத் தின்றாலும் வெளியே வந்தது. கருவாட்டுக் குழம்பு கிடைத்தால் போதும் என்று நாக்கு தவித்தது. அது எப்படியோ அம்மா காதுக்குப் போய்விட்டது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முந்தின நாளே வைத்து ஊறவிட்ட குழம்பை மண்சட்டியோடு துணியில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வாளைக் கருவாடு, கத்தரிக்காய், பிஞ்சு மாங்காய். கிழமையை அவள் மறக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கோயிலே கட்டுப்படுத்தாதபோது ஒரு வீடு கட்டுப்படுத்துமா என்று நம்பி வந்தாள்.

நாத்தனார் துணியை அவிழ்த்துப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம இந்த வீட்டுல கவிச்சி நொழையாதுங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"புள்ளத்தாச்சிங்க. அதுக்கு வெலக்கு உண்டுங்களே," என்றாள் அம்மா.

நாத்தனார் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு அதை நன்றாகக் கழுவித் துடைத்து, வெறும் சட்டியாக அம்மா கையில் கொடுத்தாள். கொட்டியதைவிட, அப்படிக் கழுவிக் கொடுத்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதன் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக அப்பாதான் வந்தார். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்தவள் கோயிலோடு திரும்பிவிட்டாள். நான் வாழ்ந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமலேயே செத்தாள். கோட்டுச்சேரி வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கியது அந்தச் சட்டியை மட்டும்தான்.

எண்பதுகளின் கடைசியில் நாத்தனார் படுக்கையில் விழுந்தாள். அடுப்படி என் கைக்கு வந்தது. குளிப்பாட்டினேன், பீ மூத்திரம் அள்ளினேன், எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"நாக்கு செத்துப் போச்சு. கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு வையேன்."

"வெள்ளிக்கெழமையாச்சுங்களே அண்ணி."

"சீக்காளிக்கு வெலக்கு உண்டுடி."

"புள்ளத்தாச்சிக்கும் உண்டுங்க," என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் குழம்பு வைத்தேன். அம்மாவின் சட்டியில், அதே வாளைக் கருவாடும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்தேன். மத்தியானம் அவளுக்குக் கஞ்சியும் துவையலும் ஊட்டி முடித்தேன். பிறகு அவள் கட்டிலுக்கு எதிரிலேயே தட்டோடு உட்கார்ந்து, சோற்றில் அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த சாப்பாடு. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இதே வாசனதான்," என்றாள். "கொட்டுறப்ப எனக்கும் நாக்குல எச்சி ஊறிச்சு."

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஒரு கரண்டி கொடுக்கவும் மனம் வரவில்லை. மீதியைக் கொண்டுபோய்க் கொல்லைச் சாக்கடையில் கொட்டினேன். சட்டியை நன்றாகக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.