கீறல் போன வாட்ச்

துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த அப்பா, வேலையை முடித்துக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்குக் கிளம்பியபோது, முதலாளி தன் கையில் கிடந்த சுவிட்சர்லாந்து வாட்சையே கழற்றி அவருக்குக் கட்டிவிட்டாராம். அது எவ்வளவு பெரிய பொருள் என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கட்டிக்கொண்டுதான் முந்திரிக் கொல்லைக்குப் போவார், போர் மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பார். "கட்டுறதுக்குத்தானே குடுத்தாரு" என்பார்.

தம்பிக்கும் துபாயில்தான் வேலை. அவனுக்கு ஏசி ஆபீஸ். கூட இருப்பவர்களுக்கு வாட்ச் சேர்க்கிற பைத்தியம், இவனையும் தொற்றிக்கொண்டது. போன வருஷம், அதே மாடலில் இப்போது வருகிற வாட்சை வாங்கினான். அன்றிலிருந்து வீடியோ காலில் எனக்குப் பாடம். பழையதில் கண்ணாடி பிளாஸ்டிக், தொட்டால் கீறும். புதியது சபையர், கீறவே கீறாது. பழையதில் சுற்று வளையம் வெயிலில் வெளுக்கும்; புதியது செராமிக், வெளுக்காது. அப்படியானால் புதியதுதான் ஒசத்தி என்று முடித்துக்கொண்டேன்.

"இல்லக்கா. பழசுதான் ஒசத்தி. அந்தக் கீறலும் மங்கலும்தான் அழகே" என்றான்.

மங்காத வாட்சைச் செய்ய இத்தனை வருஷம் பாடுபட்டுவிட்டு, மங்கிப்போனதைத் தேடி அலைகிறார்களாம்.

அப்பாவிடம் மட்டும் சுருக்கமாகச் சொன்னான்: "பொங்கலுக்கு வாரேன்ப்பா. அந்த வாட்சைப் பத்திரமா வைங்க, பாக்கணும்."

அடுத்த நாளே அப்பா பஸ் ஏறித் திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "புள்ள ஆசையா கேக்குறான். இப்படி அழுக்கும் கீறலுமாவா அவன் கண்ணுல காட்டுறது?"

அழகே அதுதானாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கேலி பண்ணாதம்மா" என்று வாட்ச் கடைக்குப் போக டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

வாட்ச் கடைக்காரர் கேட்டதைச் சுத்தமாகச் செய்து கொடுத்தார். உடம்புக்கும் கண்ணாடிக்கும் பாலிஷ், வெளுத்த வளையத்துக்குப் பதில் புது வளையம், மங்கிய முகப்புக்கு ஜம்மென்று கறுப்பு பெயின்ட். வெண்ணெய் நிறத்துக்குப் போயிருந்த மணிப் புள்ளிகள்கூடப் பால் வெள்ளையாகிவிட்டன. அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்தார்.

தம்பி வந்து இறங்கியதும் சாப்பிடக்கூட உட்காரவில்லை. தன் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தான். "இது ஒங்களுக்குப்பா. அதை எனக்குத் தாங்க."

அப்பா கைக்குட்டையைப் பிரித்தார். இரண்டும் அக்கம்பக்கத்தில் கிடந்தன. பழையது கொஞ்சம் சின்னது. மற்றபடி எது பழசு என்று கேட்டால் நான் புதியதைத்தான் காட்டியிருப்பேன்.

"அந்த மங்கல் எங்கப்பா?" தம்பி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்கடா. ஒண்ணு விடல."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். தம்பியும் பின்னாலேயே வந்தான். "நீயாவது சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னேன். கேலி பண்றேன்னுட்டாரு."

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். பிறகு ஹாலுக்குப் போய் அப்பாவின் வாட்சை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு, "சூப்பரா இருக்குப்பா" என்றான். அப்பாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

துபாயில் அதை அவன் இன்னும் அந்த வாட்ச் பைத்தியக் கூட்டத்துக்குக் காட்டவில்லை. ஆனால் என்னோடு பேசும்போதெல்லாம் கையில் கிடப்பது அதுதான்.

அப்பா புதியதைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ஒரிஜினலை மகன் கொண்டுபோய்விட்டு, அப்பாவுக்கு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டான் என்று அங்கே எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். தம்பியை இப்படிப் பேசினார்கள் என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமான்னுட்டேன். நல்லதுதானே? எவனும் களவாங்க மாட்டான்" என்றார்.