செருப்பு மாட்டும்போது சொல்கிற காரியம்

ராசிபுரம் சுவாமிநாதன் பக்கத்து வீட்டுக்கு ஏணி கேட்கப் போனால் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். ஏணி கண்ணெதிரே சுவரில் சாய்ந்துதான் நிற்கும். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். உட்காருவார், காப்பி குடிப்பார், மழையைப் பேசுவார், நூல் விலையைப் பேசுவார், பேரனுக்குப் பல்வலி தீர்ந்ததா என்று விசாரிப்பார். "சரிங்க, வாரேன்" என்று எழுந்து, வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிய பிறகுதான், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததைப்போல, "அப்புறம் ஒரு சின்ன காரியமுங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரரும் அதற்காகத்தான் வாசல் வரை வந்து நிற்பார். எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டால் காரியத்துக்காக வந்தவன் என்று ஆகிவிடும். அந்தத் தெருவில் அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது.

இந்த மனிதருக்குப் பிறந்தவள் தமிழ்ச்செல்வி. அப்பாவின் மூக்கு வந்ததோ இல்லையோ, இந்தக் குணம் அப்படியே வந்துவிட்டது. விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணிடம் குடை இரவல் கேட்பதற்குள் மழையே நின்றுபோகும்.

சங்ககிரிப் பக்கத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். கம்பெனிகள் வந்தன, வேண்டியவர்களை எடுத்துக்கொண்டன, போய்விட்டன. எடுக்கப்பட்டவர்களில் தமிழ்ச்செல்வி இல்லை. வீட்டில் யாரும் திட்டவில்லை. தாய்மாமன் சரவணக்குமார் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புடவைக் கடை வைத்திருந்தார். "எதுக்கு கண்ணு கவலப்படறே? கல்லாவுக்குப் பக்கத்துல உனக்குன்னு ஒரு சேர் போட்டு வெச்சிருக்கேன். பரீட்ச முடிஞ்சதும் வந்து உக்காந்துக்க" என்றார். தங்கமான மனிதர், சம்பளமும் கொடுப்பார். அங்கேதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். பிறந்ததிலிருந்து அவள் சுவாமிநாதன் மகள், சரவணக்குமாரின் அக்கா மகள். யார் வீட்டுப் பெண் என்று கேட்காமல், உனக்கு என்ன தெரியும் என்று கேட்கிற ஓர் இடத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பேராசை ஒன்றும் இல்லை.

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஈஸ்வர் சார் ஒருநாள் நெட்வொர்க்கிங் பற்றி வகுப்பெடுத்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதைத்தான் இரண்டு மணி நேரம் படம் போட்டுக் காட்டினார். பழைய மாணவர்களைப் பிடியுங்கள், லிங்க்ட்இன்னில் பேசுங்கள், ரெஃபரல் கேளுங்கள். உள்ளே இருக்கும் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லி அனுப்பினால்தான் விண்ணப்பம் யார் கண்ணிலாவது படும் என்றார். சொன்னது தப்பில்லை. ஆனால் எப்படி எழுதுவது என்று ஆங்கிலத்தில் ஒரு மாதிரியையும் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. வகுப்பு மொத்தமும் அதையே காப்பியடித்து அதே சீனியர்களுக்கு அனுப்பியது. மாதிரியில் இருந்த பெயரை மாற்ற மறந்தவர்களும் உண்டு.

அந்தச் சீனியர்களில் ஒருத்தி உஷாராணி. பனமரத்துப்பட்டிக்காரி, அதே கல்லூரி, அதே துறை. இப்போது பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஒரு குழுவுக்குத் தலைவி. அந்தக் கம்பெனியில் புதியவர்களை எடுக்கிறார்கள் என்ற செய்தி பரவியிருந்தது. தமிழ்ச்செல்விக்கு மாதிரிக் கடிதம் கூசியது. "அக்கா, நான் ராசிபுரம். நீங்க படிச்ச டிபார்ட்மெண்ட்லதான் படிக்கறேன். உங்களோட கொஞ்சம் பேசலாமுங்களா?" என்று தமிழிலேயே எழுதிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடச் சொல்லிப் பதில் வந்தது.

கூப்பிட்டாள். சாப்டீங்களா அக்கா என்று ஆரம்பித்தாள். பெங்களூரில் குளிரா என்று கேட்டாள். பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று உஷாராணி கேட்க, போன வாரம் பஸ்ஸில் போனபோது பார்த்ததைச் சொன்னாள். உஷாராணியின் அம்மா சென்னம்மாள் ஊரில் தனியாக இருப்பதும், முழங்கால் வலியோடு மாடு வைத்துக்கொண்டு படுத்துகிற பாடும் பேச்சில் வந்தன. மாட்டை விற்கச் சொன்னால் மகளை விற்றாலும் விற்பேன், மாட்டை விற்க மாட்டேன் என்கிறாளாம். இருவரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தமிழ்ச்செல்வி கிளம்புகிற நேரத்துக்காகக் காத்திருந்தாள். வாரேங்க்கா என்று சொல்லி, அந்த மூச்சிலேயே கேட்டுவிடலாம் என்று வார்த்தைகளை நாக்கு நுனியில் அடுக்கி வைத்திருந்தாள்.

"சரி சாமி, வாரேன், ஞாயித்துக்கெழமையும் ஒரு மீட்டிங் இருக்குது" என்றாள் உஷாராணி.

"சரிங்க்கா. அப்புறம் ஒரு சின்ன..."

திரை அணைந்துவிட்டது. வீடியோவுக்கு ஏது வாசல், யார் வந்து வழியனுப்புவது? கையில் போனோடு அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடுதித் தோழி பிரீத்திக்கு ஆத்திரம் பொங்கியது.

"கேக்கவே இல்லியா? அவ்வளவு நேரம் அப்படி என்னதான்டி பேசுனீங்க?"

"அவங்கம்மாவுக்கு முழங்கால் வலியாம்டி."

"நீ வேலை கேக்கப் போனியா, பொண்ணு பாக்கப் போனியா?"

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வார வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடிகிறது. இனி எழுதிக் கேட்டால், அன்றைக்குப் பேசினதெல்லாம் இதற்குத்தானா என்று ஆகிவிடாதா? கேட்காவிட்டால் மாமா கடை நாற்காலி. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டுவிட்டாள். இந்த முறை முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுவது என்று சத்தியம் செய்துகொண்டாள்.

உஷாராணி அதற்கு இடம் கொடுத்தால்தானே.

"அட, நீயா! நேத்துத்தான் எங்கம்மாகிட்ட உன்னப் பத்திச் சொன்னேன். இந்த மாசம் எனக்கு எத்தன மெசேஜ் தெரியுமா? எல்லாம் ஒரே மாதிரி. ரெஃபர் பண்ணுங்க, ரெஃபர் பண்ணுங்க. சொந்தக்காரங்க கூப்புட்டாக்கூட அதுக்குத்தான். ஒண்ணுமே கேக்காம, எப்படி இருக்கறீங்கன்னு கேட்டது நீ ஒருத்திதான் சாமி."

தமிழ்ச்செல்வி படியிலிருந்து எழுந்து நின்றாள். பேசாமல் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடலாம். நல்ல பெண் என்ற பெயராவது மிஞ்சும். ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இனி எப்போது பேசினாலும் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்குமே.

"அக்கா, நானும் அதுக்குத்தானுங்க கூப்புட்டேன்" என்றாள். "அன்னைக்கும் அதுக்குத்தானுங்க. கடைசில கேக்கலாம்னு இருந்தேன், நீங்க வெச்சுட்டீங்க. எங்கூட்டுல அப்படித்தானுங்க, கெளம்பறப்பத்தான் கேப்பாங்க. வெள்ளிக்கிழம கடைசி நாளு. என் பேரையும் அனுப்ப முடியுமுங்களா?"

உஷாராணி, "ம்" என்றாள். சிரிப்பு இல்லை. "ரெஸ்யூம் அனுப்பு. பாக்கறேன்."

"அக்கா, ஆனா அம்மாவப் பத்திக் கேட்டது..."

"அனுப்பும்மா, பாக்கறேன்." செல்லமாகக் கூப்பிட்ட 'சாமி' போய், யாரையும் கூப்பிடுகிற 'அம்மா' வந்துவிட்டது. அது தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது.

உஷாராணி சொன்னபடி பெயரை அனுப்பினாள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று தமிழ்ச்செல்வி தேறிக்கொண்டே போனாள். யார் வீட்டுப் பெண் என்று ஒருவரும் கேட்கவில்லை. உனக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள். கடைசிச் சுற்றில் நின்றுபோனாள். வருந்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல், அதோடு சரி. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பரீட்சை முடிந்து மாமா கடை நாற்காலிக்கு வந்தாள். மாமா மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மற்ற கம்பெனிகளுக்கு எழுதினாள். வேறு சீனியர்களோடு பேசினாள். இப்போதெல்லாம் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். வாய் கூசத்தான் செய்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறாள். அடுத்த மாதம் ஓசூரில் ஒரு நேர்முகம் இருக்கிறது.

ஆனால் உஷாராணி மனதை விட்டுப் போகவில்லை. வேலை தந்திருந்தால் நன்றி சொல்லக் கூப்பிடலாம். கிடைக்காத வேலைக்காக யார் யாரைக் கூப்பிடுவார்கள்? பிரீத்தியும், "விடுடி, அதான் முடிஞ்சுதே" என்றாள். முடிந்ததுதான், இனிக் கேட்க ஒன்றும் இல்லை. அதனாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்கு மேலே சரக்கு வைக்கிற அறையில் நின்றுகொண்டு அவள் கூப்பிட்டாள்.

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் உஷாராணி முந்திக்கொண்டாள்.

"தமிழ்ச்செல்வி, நானே சொல்லோணும்னு இருந்தேன்மா. என்னால ஆனதப் பண்ணுனேன். இப்ப எங்க கம்பெனில ஆள் எடுக்கறதில்ல. வேற எங்கயும் எனக்கு ஆள் தெரியாது. எடுக்கறப்பச் சொல்றேன், சரியா?"

பாவம், ஒரே மூச்சில் சொன்னாள். எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியதோ.

"இல்லீங்க்கா, ஒண்ணும் கேக்க வரலீங்க."

"பின்ன?"

"அம்மாவுக்கு முழங்கா எப்படி இருக்குதுங்க?"

வீடியோ இல்லாத அழைப்பு. உஷாராணியின் முகம் தெரியவில்லை. எதையோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தமிழ்ச்செல்வி பயந்தாள். வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"போன வாரம் விழுந்துட்டாங்க சாமி" என்றாள் உஷாராணி. குரல் உடைந்திருந்தது. "இங்க யாருகிட்டயும் சொல்லல. நீ போனை வெச்சராத. அடுப்ப அணைச்சுட்டு வாரேன்."